நம் ஊர் வானத்தின் சல்லடை

வருஷத்துக்கு ஒரு முறையாவது அந்த வாட்ஸ்அப் செய்தி வந்துவிடும். இன்றிரவு 12.30 மணியிலிருந்து 3.30 மணி வரை காஸ்மிக் கதிர்கள் பூமிக்கு மிக அருகில் வரப்போகின்றன, செல்போனை அணைத்துத் தூரமாக வைத்துவிட்டுத் தூங்குங்கள், நாசாவும் பிபிசியும் சொல்லிவிட்டார்கள், உடனே எல்லோருக்கும் அனுப்புங்கள். ஆங்கிலத்திலும் தமிழிலும் பத்து வருஷத்துக்கு மேலாகச் சுற்றிக்கொண்டிருக்கும் செய்தி இது. அதில் தேதி கிடையாது. 'இன்றிரவு' என்று இருப்பதால் என்றைக்கும் செல்லுபடியாகும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2015 ஜூன் 22, திங்கட்கிழமை இரவு. நம் கடிகாரப்படி தேதி 23 ஆகி அரை மணி நேரம் கழிந்து, அதாவது 12.30 மணிக்குத் தொடங்கி, ஏறத்தாழ இரண்டு மணி நேரம் காஸ்மிக் கதிர்கள் உண்மையாகவே வழக்கத்தைவிடக் கூடுதலாக வந்தன. ஊட்டியில் இருக்கும் ஒரு கருவி அதைப் பதிவு செய்தது. திருப்பூர் ராயபுரத்திலிருந்து ஊட்டிக்குப் பஸ்ஸில் போனால் அரை நாள் ஓடிவிடும். வானத்துக்கு அதெல்லாம் ஒரு தூரமே இல்லை. நைட் ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்த நிட்டிங் கம்பெனிகளின் கூரையைத் துளைத்து, மிஷினையும் ஆளையும் துளைத்து, தரைக்குள் போயின அந்தத் துகள்கள். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. எந்தப் போனும் கெட்டுப்போகவில்லை.

நேரம் ஒத்துப்போனது தற்செயல்தான். ஆனால் உண்மையில் நடந்ததைப் புரிந்துகொள்ள வேறொரு கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும். அன்று கூடுதலாக வந்தவை மற்ற நாட்களில் ஏன் வருவதில்லை? அவற்றைத் தடுப்பது எது? இதற்கு விடை தேடிய நூறு வருஷக் கதையில் சென்னை, பெங்களூர், கொடைக்கானல், ஊட்டி எல்லாம் வருகின்றன. ஊர்ப் பெருமைக்காகச் சேர்த்த பெயர்கள் இல்லை இவை. இந்த விஷயத்தில் நம் வானம் நிஜமாகவே தனி ரகம்.

*

1912-இல் ஆஸ்திரிய இயற்பியலாளர் விக்டர் ஹெஸ் பலூனில் ஏறிக் காற்றின் மின்தன்மையை அளந்துகொண்டிருந்தார். தரையிலுள்ள கதிரியக்கப் பொருட்கள்தான் காற்றை அயனியாக்குகின்றன என்று அப்போது நம்பினார்கள். அது சரியென்றால் மேலே போகப் போக அளவு குறைய வேண்டும். ஆகஸ்ட் 7 அன்று 5 கிலோமீட்டருக்கு மேல் போன ஹெஸ், அளவு கூடுவதைப் பார்த்தார். ஏதோ ஒன்று மேலிருந்து வருகிறது. சூரியனா? அதே வருஷம் ஏப்ரலில் சூரிய கிரகணத்தின்போதும் பறந்து பார்த்திருந்தார். சூரியன் மறைந்தபோது அளவு குறையவில்லை. ஆகவே பெரும்பகுதி சூரியனிலிருந்து வரவில்லை என்று முடிவு செய்தார். இன்றும் அந்த முடிவு நிற்கிறது. காஸ்மிக் கதிர்களில் பெரும்பான்மை நம் சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வருபவை. சூரியனும் அவ்வப்போது தன் பங்கை அனுப்பும். அதைப் பிறகு பார்ப்போம்.

'காஸ்மிக் கதிர்' என்று 1925-இல் பெயர் வைத்தவர் அமெரிக்காவின் ராபர்ட் மில்லிகன். பெயரிலேயே ஒரு நம்பிக்கை இருந்தது. இவை ஒளியைப் போன்ற கதிர்கள், காமா கதிர்களின் இன்னும் வீரியமான வடிவம் என்று அவர் உறுதியாக நம்பினார். ஒளிக்கு மின்சுமை கிடையாது, ஆகவே காந்தத்தால் அதைத் திருப்ப முடியாது. மில்லிகன் சொல்வது சரியென்றால் பூமியின் எந்த ஊரில் அளந்தாலும் ஒரே அளவு வர வேண்டும். அவை மின்சுமை கொண்ட துகள்கள் என்றால் பூமியின் காந்தப் புலம் அவற்றை வளைக்கும், ஊருக்கு ஊர் அளவு மாறும்.

முதல் துப்பு கப்பலில் கிடைத்தது. ஜாவாவில் வேலை பார்த்த டச்சு இயற்பியலாளர் யாகோப் கிளே, 1927-இல் ஐரோப்பாவுக்கும் ஜாவாவுக்கும் இடையிலான கடல் பயணத்தில் அளவுக் கருவியைக் கூடவே கொண்டுபோனார். பூமத்திய ரேகைப் பக்கம் வரும்போது அளவு குறைந்தது. முதலில் பலரும் நம்பவில்லை. பிறகு ஆர்தர் காம்ப்டன் பல நாடுகளுக்குக் குழுக்களை அனுப்பி, மலையிலும் கடலிலும் அளக்கவைத்து, அதே முடிவுக்கு வந்தார். 1932 டிசம்பரில் காம்ப்டனும் மில்லிகனும் ஓர் அறிவியல் மாநாட்டில் நேருக்கு நேர் மோதிக்கொண்டார்கள். இருவருமே நோபல் பரிசு வாங்கியவர்கள். சண்டை நியூயார்க் டைம்ஸ் வரைக்கும் போயிற்று. வென்றது காம்ப்டன். அடுத்த வருஷம் மில்லிகனும் அட்சரேகை வித்தியாசத்தை ஒப்புக்கொண்டார்.

'கதிர்' என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. வருபவை துகள்கள், அதிலும் பெரும்பாலும் புரோட்டான்கள்.

*

காந்தப் புலம் எப்படித் தடுக்கிறது? மின்சுமை கொண்ட துகள் காந்தக் கோடுகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனால் வளைக்கப்படும். கோடுகளோடு சேர்ந்தே போனால் வளைக்கப்படாது. துருவங்களில் பூமியின் காந்தக் கோடுகள் கிட்டத்தட்டச் செங்குத்தாகத் தரையில் இறங்குகின்றன. மேலிருந்து வரும் துகள் அவற்றைப் பிடித்துக்கொண்டு, வழுக்குமரத்தில் இறங்குவது மாதிரி சிரமமில்லாமல் இறங்கிவிடும். நம் பக்கம் அந்தக் கோடுகள் தெற்கு வடக்காகக் கிடைமட்டமாகப் படுத்திருக்கின்றன. காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடிக்கு அருகில்தான் போகிறது. தும்பாவில் ராக்கெட் தளம் அமைந்ததற்கு அதுவே காரணம். இங்கே மேலிருந்து வரும் துகள் எல்லாக் கோடுகளையும் குறுக்கே வெட்ட வேண்டும். ஆற்றல் போதாவிட்டால் வளைந்து வளைந்து விண்வெளிக்கே திரும்பிவிடும்.

ஆக ஒவ்வோர் ஊருக்கும் ஒரு குறைந்தபட்ச நுழைவு ஆற்றல் இருக்கிறது. துருவப் பகுதிகளில் அது ஏறத்தாழ பூஜ்யம். ஊட்டிக்கு நேர்மேலே ஏறத்தாழ 17 ஜிகாவோல்ட். ஒரு புரோட்டானை 1,700 கோடி வோல்ட் மின்னழுத்தத்தில் உந்திவிட்டால் எவ்வளவு ஆற்றல் பெறுமோ, கிட்டத்தட்ட அவ்வளவு. உலகிலேயே மிக உயர்ந்த நுழைவு எல்லை இந்தியாவின் தென்பகுதி, இந்தியப் பெருங்கடல், தென்கிழக்கு ஆசியா சார்ந்த வட்டாரத்தில்தான். பூமியின் காந்த மையம் அதன் நடு மையத்திலிருந்து சற்று நம் பக்கமாக நகர்ந்திருப்பது இதற்கு ஒரு காரணம். எதிர்ப்பக்கத்தில், தென் அட்லாண்டிக்கில், புலம் அந்த அளவுக்குப் பலவீனம்.

ராயபுரத்தில் எந்த நிட்டிங் கம்பெனியில் கேட்டாலும் கேஜ் என்றால் என்ன என்று சொல்வார்கள். ஓர் அங்குலத்துக்கு எத்தனை ஊசி என்ற கணக்கு அது. கேஜ் கூடினால் துணியின் கண் நெருக்கமாகும். பூமியைச் சுற்றி ஒரு துணி நெய்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால், துருவத்தில் அது கொசுவலை, நம் தலைக்கு மேல் மிக நெருக்கமான கேஜ். ஒரே வித்தியாசம், சாதாரணச் சல்லடையில் சிறியது விழும், பெரியது தங்கும். இங்கே ஆற்றல் மிகுந்தது விழும், குறைந்தது திரும்பிப் போகும்.

சல்லடைக்கு இன்னொரு குணமும் உண்டு, அது எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இல்லை. நேர்மின்சுமை கொண்ட துகள்கள் மேற்கிலிருந்து வந்தால் சுலபமாக நுழையும், கிழக்கிலிருந்து வந்தால் கூடுதல் ஆற்றல் வேண்டும். இத்தாலியின் புரூனோ ரோசி 1930-இல் இதை முன்கூட்டியே கணித்தார். 1933-இல் மெக்சிகோவிலும் எரித்ரியாவிலும் அளந்து பார்த்தபோது மேற்கிலிருந்து வருபவை அதிகம் என்று தெரிந்தது. காஸ்மிக் கதிர்களில் பெரும்பாலானவை நேர்மின்சுமை கொண்டவை என்பது அப்படித்தான் உறுதியானது.

*

தோற்றுப்போனவர்கள் அடுத்து என்ன செய்தார்கள் என்பது இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி. மில்லிகன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காரவில்லை. தான் மறுத்த அதே விளைவைக் கருவியாக்கிக்கொண்டார். 1936-இல் அவருடைய சகா விக்டர் நெஹர் மின்காட்டிகளோடு மதராசுக்கு வந்து பலூன்களைப் பறக்கவிட்டார்.

மதராஸ் எதற்கு? இரண்டு சல்லடையில் ஒரே மாவைச் சலித்து, விழுந்ததன் வித்தியாசத்தைப் பார்த்தால் இடைப்பட்ட அளவில் எவ்வளவு மாவு இருக்கிறது என்று தெரிந்துவிடும். கனடாவின் சாஸ்கட்டூனிலும் அமெரிக்காவின் ஒமாஹாவிலும் சான் அன்டோனியோவிலும் வளிமண்டலத்தின் உச்சி வரை அளந்த கணக்கு அவர்களிடம் இருந்தது. காந்த நடுக்கோட்டுக்கு அருகிலிருக்கும் மதராஸின் கணக்கைக் கழித்தால், எந்த ஆற்றலில் எவ்வளவு துகள்கள் வருகின்றன என்று கிடைத்துவிடும். துகள் முடுக்கிகள் கைக்குழந்தையாக இருந்த காலம் அது. பூமி முழுவதையும் ஓர் ஆய்வகக் காந்தமாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். மென்பொருள் எழுதுபவர்களின் பாஷையில், மதராஸ் வானம் அவர்களுக்கு ஒரு ஃபில்டர்.

1939 கடைசியில் மில்லிகனே வந்தார். அவரும் நெஹரும் வில்லியம் பிக்கரிங்கும் ஆக்ரா, பெஷாவர், பெங்களூர் என்று மூன்று அட்சரேகைகளில் பலூன் விட்டார்கள். அந்த பிக்கரிங் பின்னாளில் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தின் இயக்குநரானார். அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோளான எக்ஸ்ப்ளோரர் 1, 1958-இல் அவர் தலைமையில் உருவானது. பூமியின் காந்தப் புலம் சிறைபிடித்து வைத்திருக்கும் துகள் வளையங்களைக் கண்டுபிடித்தது அந்தச் செயற்கைக்கோளில் இருந்த ஜேம்ஸ் வான் ஆலனின் கருவி.

அதே பெங்களூரில், சி.வி. ராமன் இருந்த இந்திய அறிவியல் கழகத்தில், உலகப்போரால் கேம்பிரிட்ஜுக்குத் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்ட இரண்டு பேர் காஸ்மிக் கதிர் ஆராய்ச்சியில் இறங்கினார்கள். ஒருவர் ஹோமி பாபா, மற்றவர் விக்ரம் சாராபாய். இந்தியாவின் அணுத்துறையும் விண்வெளித்துறையும் யாரால் உருவாயின என்று நமக்குத் தெரியும். போர்க்காலத்தில் பெரிய இயந்திரங்கள் வாங்கக் காசு இல்லாத நாட்டில் அவர்களுக்குக் கிடைத்தது இலவசமாக விழுந்துகொண்டிருந்த துகள்கள்தான். சாராபாய் 1947-இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் வாங்கியது வெப்பமண்டல அட்சரேகைகளில் காஸ்மிக் கதிர் ஆய்வுக்காக. பிறகு அகமதாபாத்தில் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடத்தை நிறுவி, கொடைக்கானலிலும் திருவனந்தபுரத்திலும் அளவு நிலையங்கள் வைத்தார். மணிக்கு மணி, நாளுக்கு நாள் அளவு எப்படி மாறுகிறது என்பதுதான் அவருடைய கேள்வி. அதற்கு நம் நெருக்கமான சல்லடை வசதியாக இருந்தது. ஆற்றல் குறைந்தவற்றின் இரைச்சல் இங்கே குறைவு.

*

இப்போது சூரியனுக்கு வரலாம். 1942 பிப்ரவரி 28, மார்ச் 7 ஆகிய தேதிகளில் சூரியனில் பெரிய வெடிப்புகள் நடந்தபோது அமெரிக்காவின் ஸ்காட் ஃபோர்புஷ் கவனித்து வந்த காஸ்மிக் கதிர்க் கருவிகளில் அளவு திடீரென்று உயர்ந்தது. 1946 ஜூலையிலும் அப்படியே. சூரியனும் காஸ்மிக் கதிர்களை அனுப்புகிறது என்பதற்குக் கிடைத்த முதல் தெளிவான சாட்சி அது. ஆனால் ஒரு நிலையத்தில் மட்டும் ஊசி அசையவில்லை. அது பெருவில், காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் ஹுவாங்கயோ. சூரியத் துகள்களுக்கு அங்கே நுழையும் அளவு ஆற்றல் இல்லை.

நமக்கும் அதே கணக்குதான். சூரியன் வெடித்து அனுப்பும் துகள்களில் மிகப் பெரும்பான்மை நம் வானத்தின் எல்லையைத் தாண்ட முடியாதவை. 1956 பிப்ரவரி 23 போன்ற மிக அபூர்வமான வெடிப்புகளில்தான் நடுக்கோட்டுப் பகுதி வரை வந்தன. "சூரியனிலிருந்து கதிர் வந்து தாக்கும்" என்று திருப்பூரில் உட்கார்ந்து பயப்படுவதற்கு இயற்பியலில் அவ்வளவு இடமில்லை. கனடாவுக்கு மேலே துருவ வழியில் பறக்கும் விமானத்தின் பைலட் யோசிக்க வேண்டிய விஷயம் அது.

ஃபோர்புஷ் 1937-இல் இன்னொன்றும் கண்டுபிடித்திருந்தார். சூரியனிலிருந்து வெடித்துக் கிளம்பும் காந்த மேகம் பூமியைக் கடக்கும்போது, வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் குறைகின்றன. சூரியப் புயல் கதிர்களைக் கொண்டுவந்து கொட்டும் என்றுதானே நினைப்போம்? பெரும்பாலும் அது வருபவற்றைத் துடைப்பம் மாதிரி ஒதுக்கித் தள்ளுகிறது. ஊட்டியின் அந்த இரவு இதனால்தான் ஆச்சரியம். புயல் நேரத்தில் அளவு கூடியிருக்கிறது.

*

டாடா ஆராய்ச்சி நிறுவனம் 1950-களில் இருந்தே ஊட்டியில் காஸ்மிக் கதிர் ஆராய்ச்சி நடத்தி வருகிறது. பி.வி. ஸ்ரீகண்டன் போன்றவர்கள் வளர்த்தெடுத்த மரபு அது. இப்போது அங்கே இருப்பது கிரேப்ஸ்-3, ஜப்பானிய நிறுவனங்களோடு சேர்ந்து நடத்தும் சோதனை. கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டர் உயரம். ஆறு மீட்டர் நீளமுள்ள சதுர இரும்புக் குழாய்கள் 3,712, அவற்றின் மேலே ஏறத்தாழ 2 மீட்டர் கான்கிரீட். மேலே ஒரு புரோட்டான் காற்றில் மோதினால் பல துகள்கள் சிதறும். அவற்றில் மியூவான்கள் மட்டும் கான்கிரீட்டைத் துளைத்துக்கொண்டு வரும். 560 சதுர மீட்டர் பரப்பில் ஒரு நாளைக்குச் சுமார் 400 கோடி மியூவான்களை இந்தக் குழாய்கள் எண்ணுகின்றன. தினமும் எண்ணுகின்றன, பண்டிகை நாளிலும். அவ்வளவு எண்ணினால்தான் மிகச் சிறிய ஏற்ற இறக்கத்தையும் நிஜம் என்று சொல்ல முடியும்.

2015 ஜூன் 22, உலக நேரம் 18.40-க்குச் சூரியனிலிருந்து வந்த காந்த மேகம் பூமியைத் தொட்டது. வடக்கு நாடுகளில் துருவ ஒளி, வானொலித் தடங்கல். 19.00 மணிக்கு ஊட்டியில் மியூவான்கள் கூடத் தொடங்கின. கருவி பார்க்கும் ஒன்பது திசைகளிலும் ஒரே நேரத்தில் கூடின. பி.கே. மொகந்தி, சுனில் குப்தா உள்ளிட்ட குழு இதை ஆராய்ந்து 2016 அக்டோபரில் பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ் இதழில் வெளியிட்டது. அவர்களுடைய விளக்கம் இது. மேகத்தோடு வந்த காந்தப் புலம் அழுத்தப்பட்டு, பூமியின் புலத்தோடு எதிர்த்திசையில் இணைந்து, அதைக் கொஞ்ச நேரம் பலவீனப்படுத்தியது. நுழைவு எல்லை இறங்கியது. மற்ற நாட்களில் எல்லைக்குச் சற்றுக் கீழே நின்று திரும்பிப்போகும் துகள்கள் உள்ளே வந்துவிட்டன. அவை சூரியனிலிருந்து வந்தவை அல்ல, சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்தவை. சூரியன் செய்தது கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டது மட்டுமே.

இந்திய ஊடகங்களுக்குச் செய்தி வந்தது நவம்பர் தொடக்கத்தில். 'பூமியின் காந்தக் கவசத்தில் விரிசல்' என்று தலைப்பு வைத்தார்கள். சில நாட்களில் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்ற அறிவிப்பு வந்து மற்ற எல்லாச் செய்திகளையும் விழுங்கிவிட்டது. திருப்பூரில் சம்பளம் போட நோட்டு இல்லாமல் அலைந்த நேரத்தில் விண்வெளி விரிசலை யார் பார்ப்பார்கள்? ஆனால் இணையத்தில் அந்தச் சொல் தங்கிவிட்டது.

'விரிசல்' என்றவுடன் மண்பானை ஞாபகம் வருகிறது. ஒரு தடவை விட்டால் விட்டதுதான். நடந்தது அதுவல்ல. ஆய்வுக்குழு கணக்கிட்ட மாற்றம் 680 நானோடெஸ்லா. தமிழ்நாட்டில் தரையில் புவிக்காந்தப் புலத்தின் அளவு ஏறத்தாழ 40,000 நானோடெஸ்லா. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு சதவீதம்கூட வராது. பனியன் துணியை இழுத்தால் கண் விரியும், விட்டால் பழையபடி சேர்ந்துகொள்ளும். துணியில் ஓட்டை விழுவது வேறு, துணி இழுபடுவது வேறு. ராயபுரத்தில் துணி செக் பண்ணுகிறவர் இரண்டையும் ஒரே பெயரில் எழுதினால் வேலை போய்விடும்.

இழுபட்டதுகூட இன்னும் முடிந்த வழக்கு இல்லை. 2018-இல் ஜப்பானின் முனகாட்டா தலைமையிலான குழு, நகோயா, ஹோபார்ட், பிரேசில், குவைத் ஆகிய இடங்களிலுள்ள மியூவான் கருவிகளில் அதே இரவைத் தேடிப் பார்த்தது. அங்கும் உயர்வு தெரிந்தது. ஆனால் அவர்கள் சொன்ன காரணம் வேறு. சூரியனின் காந்தப் புலம் திசை மாறும் எல்லை ஒன்றைப் பூமி அப்போது கடந்தது, அங்கே காஸ்மிக் கதிர்கள் ஏற்கெனவே அடர்த்தியாக இருந்தன, அவ்வளவுதான் என்றார்கள். அதாவது கண் விரியவில்லை, மாவுதான் கூடுதலாக விழுந்தது. ஊட்டிக் குழு அதே வருஷம் இன்னொரு கட்டுரையில் இந்தக் கேள்வியையே எடுத்துக்கொண்டு, காந்தப் புலம் பலவீனமானதுதான் பொருத்தமான விளக்கம் என்று தன் பக்கத்தை வாதிட்டது.

செய்தித் தலைப்பில் இந்தச் சச்சரவு வராது. வராததால்தான் நமக்கு இரண்டே மனநிலை மிச்சமாகிறது, பயம் அல்லது கேலி. 'இன்றிரவு கதிர் வருகிறது' என்பதை நம்புகிறவர் ஒரு பக்கம், அதெல்லாம் சும்மா என்று சிரிக்கிறவர் ஒரு பக்கம். கதிர் தினமும் வருகிறது. உங்கள் உள்ளங்கையை நீட்டினால் விநாடிக்கு ஒன்று என்ற கணக்கில் மியூவான்கள் அதைக் கடந்துபோகின்றன. நாம் பிறந்த நாளிலிருந்து அப்படித்தான்.

பயப்பட வேண்டியது எதுவுமே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அது வேறு இடத்தில் இருக்கிறது. 1859 செப்டம்பர் 2 அன்று மும்பை கொலாபா ஆய்வகத்தில் காந்தப் புலம் ஏறத்தாழ 1,600 நானோடெஸ்லா சரிந்ததாகப் பதிவு உண்டு. அன்று உலகில் இருந்தது தந்திக் கம்பிகள் மட்டுமே. 1989 மார்ச் 13 அன்று, அதைவிடச் சிறிய புயலில், கனடாவின் கியூபெக்கில் 60 லட்சம் பேருக்கு ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் மின்சாரம் இல்லை. புலம் வேகமாக மாறும்போது நீண்ட மின்கம்பிகளில் தூண்டப்படும் மின்னோட்டம்தான் காரணம், காஸ்மிக் கதிர் அல்ல. அடுத்த பெரும் புயலில் பாதிக்கப்படப்போவது செயற்கைக்கோள்களும் மின்கட்டமைப்பும். தலைமாட்டில் இருக்கும் போனை அணைத்து வைப்பதால் அதில் ஒன்றும் ஆகப்போவதில்லை. அப்படியொரு புயலின் நடத்தையை முன்கூட்டியே புரிந்துகொள்ள ஊட்டியின் குழாய்கள் ஏதாவது சொல்லுமா என்பதுதான் அந்த இரண்டு மணி நேரத்தின் உண்மையான முக்கியத்துவம்.

மில்லிகனும் காம்ப்டனும் மேடையில் போட்ட சண்டையை முடித்துவைத்தது பேச்சுத் திறமை இல்லை, இன்னும் பல ஊர்களில் எடுத்த அளவுகள். 2015-இன் சண்டையும் அப்படித்தான் முடியும். இன்னொரு புயல் வர வேண்டும், அப்போதும் அந்த 3,712 குழாய்கள் விழித்திருக்க வேண்டும். 2024 மே மாதத்தில், லடாக்கின் ஹன்லேயில்கூட வானம் சிவக்கும் அளவுக்குப் பெரிய புயல் ஒன்று வந்து போனது. இன்னும் வரும். அதுவரை செய்வதற்கு இருப்பது, பரபரப்பே இல்லாத ஒரே வேலைதான்: எண்ணிக்கொண்டிருப்பது.